சைக்கிளை வீட்டுக்குள் எடுப்போம், படிக்கட்டை விட்டுக்கொடுப்போம்



எங்கள் தொடர்மாடியில் இருப்பவர்களுக்கும், கொழும்பில் எங்களைப் போல மாடிவீடுகளில் வாழும் மற்றச் சொந்தங்களுக்கும் இதை எழுதுகின்றோம். கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வருமுன் ஒரு தடவை வாசித்துவிட்டு வந்தால் நல்லது. கூட்டத்தில் ஆளுக்கு ஆள் சத்தம் போட ஆரம்பித்தால் எதையும் முழுமையாகச் சொல்ல ஏலாது.

போன மாதம் ஐந்தாம் மாடியில் ஒரு மௌத்து. எழுபது கடந்த உம்மா ஒருவர். எங்கள் கட்டடத்தில் பாதிப் பிள்ளைகள் அவரிடம்தான் அலிப், பே ஓதப் பழகினார்கள். லுஹர் தொழுகைக்குப் பின் குப்பியாவத்தை மையவாடியில் நல்லடக்கம் என்று பள்ளியில் அறிவித்தாயிற்று. அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. வேலை செய்திருந்தாலும் சந்தூக்கு அதற்குள் நீட்டாகப் போகாது. படிக்கட்டால்தான் இறக்க வேண்டும்.

ஐந்திலிருந்து மூன்று வரை பிரச்சினை இல்லை. மூன்றாம் மாடித் திருப்பத்தில் மூன்று சைக்கிள்கள் கைப்பிடிக் கம்பியோடு சங்கிலி போட்டுப் பூட்டிக் கிடந்தன. ஒன்றின் சாவி துறைமுகத்துக்கு வேலைக்குப் போன தம்பியிடம். இன்னொன்றின் சாவி ஒரு பிள்ளையின் பாடசாலைப் பைக்குள். சந்தூக்கைத் தூக்கி வந்தவர்கள் அந்தத் திருப்பத்திலேயே நின்றுவிட்டார்கள். முன்னால் பிடித்தவர்கள் தலைக்கு மேல் உயர்த்தினார்கள். பின்னால் நின்றவர்கள் குனிந்து கொடுத்தார்கள். மய்யித்து ஒரு பக்கம் சரிந்துவிடுமோ என்று எல்லோருக்கும் நெஞ்சு பதறியது. எதிர்வீட்டுச் சிங்கள அங்கிள் ஓடி வந்து மூன்று சைக்கிள்களையும் தன் உடம்பால் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். அப்படியும் சந்தூக்கில் போர்த்தியிருந்த துணி ஒரு பிரேக் லீவரில் மாட்டி இழுபட்டது. மூத்த மகன் ஒரு வார்த்தை பேசவில்லை. துணியை எடுத்துச் சரிசெய்துவிட்டுத் திரும்பவும் தோள் கொடுத்தார்.

அந்த மூன்றாவது சைக்கிள் எங்களுடையது.

அதன் சாவி அப்போது எங்கள் சட்டைப் பையில்தான் இருந்தது. நாங்கள் கூட்டத்தின் கடைசியில், நான்காம் மாடிப் படியில் நின்றோம். முன்னால் போய்த் திறந்துவிட வழியில்லை. வழியை அடைத்திருந்ததில் எங்கள் பங்கும் இருந்ததே!

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, பாதையில் கிடக்கும் கல்லையும் முள்ளையும் எடுத்துப் போடுவது எவ்வளவு பெரிய நன்மை என்று வருடா வருடம் படிப்பிக்கின்றோம். பரீட்சையில் அதைக் கேள்வியாகவும் கொடுக்கின்றோம். இரண்டு வருடமாக எங்கள் சைக்கிள் அந்தத் திருப்பத்தில் நின்றது. யாரும் எதுவும் சொல்லவில்லை. "சேர்ட சைக்கிள்" என்று விட்டுவிட்டார்கள். அந்த மரியாதையை நாங்கள் பிழையாகப் பாவித்துவிட்டோம். அந்தக் குடும்பத்திடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். இங்கேயும் கேட்கின்றோம்.

அதற்குப் பிறகுதான் கமிட்டியின் அறிவித்தல் வந்தது. அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து கட்டடத்துக்குள் எந்தச் சைக்கிளும் கொண்டுவரக் கூடாதாம். படிக்கட்டில் மட்டுமில்லை, லிஃப்டிலும் ஏற்றக் கூடாது, வீட்டுக்குள்ளும் வைக்கக் கூடாதாம். மீறினால் சங்கிலியை வெட்டி அப்புறப்படுத்துவார்களாம்.

படிக்கட்டைப் பற்றிய பாதி முழுக்கச் சரி. வீட்டைப் பற்றிய பாதி முழுக்கப் பிழை. ஞாயிற்றுக்கிழமை நாம் இந்த இரண்டையும் பிரித்துப் பேச வேண்டும்.

முதலில் படிக்கட்டு. அந்த ஜனாஸாவுக்குப் பின் நாங்கள் டேப் எடுத்து அளந்து பார்த்தோம். எங்கள் படிக்கட்டின் அகலம் 4 அடி. ஒரு சைக்கிளின் ஹேண்டில் ஏறக்குறைய 2 அடி. கம்பியோடு சாய்த்து வைத்தால் பாதிப் படிக்கட்டு போய்விடும். மிச்சம் இருப்பதில் ஒரு ஆள் நடக்கலாம், இரண்டு பேர் ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்க ஏலாது. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வாசலுக்கு வந்துவிடும். அதில் வரும் பிள்ளைகள் ஸ்ட்ரெச்சரோடு மூன்றாம் மாடியில் சாவி தேடிக்கொண்டு நிற்க வேண்டுமா? ஒரு வீட்டில் கேஸ் பற்றிக்கொண்டால் புகைக்குள் முதலில் தடுக்கி விழப்போவது அந்தச் சைக்கிளில்தான். ஒருவர் விழுந்தால் பின்னால் வருகின்றவர்களும் அவர் மேல் விழுவார்கள். படிக்கட்டும் நடைபாதையும் லிஃப்டும் கட்டடத்தின் பொதுச் சொத்து. மாடிவீட்டு உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் அடிப்படையும் அதுதான். வீட்டுக் கதவுக்கு உள்ளே நம்முடையது, வெளியே எல்லோருடையதும். இதை விளங்கிக்கொள்ளச் சட்டப் புத்தகம் தேவையில்லை. அயலவரின் ஹக்கு என்று சின்ன வயதிலிருந்து ஓதிய விஷயம்தான்.

இனி மற்றப் பாதி. ஏன் இந்தக் கட்டடத்தில் இவ்வளவு சைக்கிள்கள் என்று கமிட்டியில் உள்ளவர்கள் கொஞ்சம் பின்னால் போய் யோசிக்க வேண்டும். 2021 டிசம்பரில் ஒரு லீற்றர் பெற்றோல் 177 ரூபா. 2022 ஜூன் கடைசியில் 470 ரூபா. அந்தக் காசைக் கொடுக்கத் தயாராக இருந்தாலும் பெற்றோல் இல்லை. ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் என்று அறிவித்துவிட்டார்கள். பிறகு கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அந்த நாட்களில் இங்கே ஒவ்வொரு மாடியிலும் ஒரு சைக்கிள், இரண்டு சைக்கிள் என்று வந்து சேர்ந்தன. ஊரிலிருந்து பழையதைக் கொண்டுவந்தவர்கள் உண்டு. பொஞ்சாதியின் காப்பை அடகு வைத்து வாங்கியவர்களும் உண்டு. கியூ முடிந்தது, சைக்கிள் போகவில்லை. பஸ் காசும் ஓட்டோக் காசும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்பதால் போகவில்லை.

சைக்கிளில் வேலைக்குப் போகின்றவர் யார்? துறைமுகத்துக்குப் போகும் தம்பி, மருதானையில் கடையில் நிற்பவர், புறக்கோட்டையில் மூட்டை தூக்குபவர், பின்னேரங்களில் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோகும் பொடியன்கள். கார் வைத்திருப்பவருக்குக் கீழே கோடு போட்ட இடம் இருக்கின்றது. மோட்டார் சைக்கிளுக்கும் இருக்கின்றது. சைக்கிள்காரருக்கு மட்டும் இந்தக் கட்டடத்தைக் கட்டிய நாளிலிருந்து ஓர் இடம் இல்லை. இப்போது அறிவித்தலும் அவருக்கு மட்டும்தான் வந்திருக்கின்றது.

"கீழே வைத்தால் என்ன?" என்று கேட்கின்றார்கள். வைத்துப் பார்த்தவர்கள் பதில் சொல்லட்டும். முதல் இரவு பம் போகும். அடுத்தது சீட். பிறகு ஒரு நாள் முன்சில்லு இல்லாமல் பிரேம் மட்டும் கம்பியோடு நிற்கும். எங்கள் வகுப்பில் தரம் 10 படிக்கும் பிள்ளை ஒருவன், பக்கத்துத் தொடர்மாடியில் இருக்கின்றான். அங்கே போன வருடம் இதே மாதிரி அறிவித்தல் போட்டார்கள். வாப்பா சொல் கேட்கின்ற மனிதர், அன்றே சைக்கிளைக் கீழே இறக்கிவிட்டார். இரண்டு கிழமையில் களவு போய்விட்டது. வாப்பா ஓட்டோ ஓடுகின்றவர், அதுவும் வாடகை ஓட்டோ. இன்னொரு சைக்கிள் வாங்க வழியில்லை. அதற்குப் பிறகு வரவுப் பதிவேட்டில் அவனுடைய வரியில் சிவப்பு அடையாளங்கள் கூடிக்கொண்டே போயின. கேட்டால், "பஸ்ல ஏற ஏலாம போய்ட்டு சேர்" என்பான். பஸ்ஸில் இடமில்லையா, பஸ்ஸுக்குக் காசில்லையா என்று நாங்கள் துருவவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் ஒரு வருடம்தான் இருக்கின்றது. ஒரு சைக்கிள் நிற்கும் இடம் அவ்வளவு சின்ன விஷயமில்லை என்று அந்தப் பதிவேட்டைத் திறக்கும்போதெல்லாம் நினைக்கின்றோம்.

எங்கள் கட்டடத்திலேயே மிகப் பழைய சைக்கிள் யாருடையது என்று தெரியுமா? இரண்டாம் மாடியில் இருக்கும் யாழ்ப்பாணத்து அப்பாவுடையது. அது ஒரு நாளும் படிக்கட்டில் நின்றதில்லை. அவருடைய கட்டில் தலைமாட்டில் நிற்கும். இப்போது அவரால் மிதிக்க ஏலாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை காலையில் துடைத்து எண்ணெய் போடுவார். ஏன் அப்பா உள்ளே வைத்திருக்கின்றீர்கள் என்று ஒரு முறை கேட்டோம்.

"தம்பி, ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள வெளிக்கிடச் சொன்னாங்கள். என்ர சைக்கிளை வீட்டுச் சுவரோட சாத்திப்போட்டு வந்தனான். பிறகு அதைக் காணேல்ல. இது இஞ்ச வந்து உழைச்சு வாங்கினது. வெளியில விட மனம் வருகுதில்ல."

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட நாள். அவருக்கும் இந்த அறிவித்தல் கதவுக்குக் கீழால் போடப்பட்டிருக்கின்றது என்பதைக் கமிட்டி மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். படிக்கட்டிலும் நடைபாதையிலும் ஒரு சைக்கிளும் நிற்கக் கூடாது, ஒரு நாளும், ஒரு இரவும். அதே நேரம், சொந்தக் கதவுக்கு உள்ளே ஒருவர் சைக்கிள் வைப்பதைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. வீட்டுக்குள் வைக்கவே இடமில்லாதவர்களுக்குக் கீழே பூட்டும் ஓர் இடம் கொடுக்க வேண்டும்.

சொல்வதற்கு முன் செய்து பார்த்தோம். நல்லடக்கம் முடிந்து வந்த அன்றே எங்கள் சைக்கிளை உள்ளே எடுத்தோம். லேசாக இருக்கவில்லை. மற்றவர்களும் அதே தலையிடிகளைப் படவேண்டாம் என்பதற்காக நடந்ததைச் சொல்கின்றோம்.

முதல் கேள்வி இடம். எங்கள் வீடு 450 சதுர அடி. உம்மா, மூன்று பிள்ளைகளோடு ஆறு பேர். பெரியவர்களின் சைக்கிள் ஒன்று சுமார் 6 அடி நீளம், ஹேண்டில் 2 அடி. நிலத்தில் நிறுத்தினால் 12 சதுர அடி. கணக்குப் பார்த்தால் வீட்டில் நூற்றுக்கு மூன்று பங்குகூட வராது. ஆனால் அந்த 12 அடி பிள்ளைகள் பாய் போடும் இடத்தில்தான் வருகின்றது! அதையே நட்டுக்கு நிறுத்தினால், அதாவது முன்சில்லு மேலே, பின்சில்லு கீழே என்று சுவரோடு நிறுத்தினால், 2 அடி அகலமும் மூன்றரை அடி ஆழமும் போதும். 7 சதுர அடி. எங்கள் ஹோலில் இருக்கும் ஷோகேஸை அளந்தோம். 6 சதுர அடி. அதற்குள் கல்யாணத்துக்கு வந்த தேநீர்க் கோப்பை செட் பதினான்கு வருடமாக ஒரு விருந்தாளியின் வாயையும் காணாமல் இருக்கின்றது. ஒவ்வொரு நாளும் உழைக்கும் சைக்கிளுக்கு இடமில்லை, ஒரு நாளும் உழைக்காத கோப்பைக்கு இடம் இருக்கின்றது. இதை வீட்டில் சொன்னோம். அன்றிரவு எங்களுக்குத் தேநீர் கிடைக்கவில்லை. இரண்டு நாளில் ஷோகேஸ் அறைக்குள் போனது, சைக்கிள் கதவுக்குப் பின்னால் வந்தது.

இரண்டாவது, சுத்தம். இது எங்கள் உம்மாவின் கேள்வி, நியாயமான கேள்வி. "மகன், ரோட்டுத் தண்ணியெல்லாம் மிதிச்சிட்டு வாற டயர். நாங்க தொழுற எடம் இது." மழை பெய்தால் எங்கள் பக்கத்து வீதிகளில் கான் தண்ணீரும் மழைத் தண்ணீரும் ஒன்றாக ஓடுவது தெரிந்ததுதானே. மே தொடக்கம் செப்டெம்பர் வரை இந்தப் பிரச்சினை இருக்கும். நாங்கள் கண்ட வழி: கீழே உள்ள பைப்பில் இரண்டு சில்லுகளையும் கழுவுவது. மேலே கொண்டுவந்ததும் கதவடியில் வைத்திருக்கும் பழைய சாரத்தால் டயர், பிரேம், செயின் என்ற ஒழுங்கில் துடைப்பது. சைக்கிள் நிற்கும் இடத்தில் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்று போட்டிருக்கின்றோம். அரிசிச் சாக்கை மடித்துப் போட்டாலும் சரி. அந்த விரிப்பின் எல்லையைத் தாண்டி டயர் நிலத்தில் படக் கூடாது என்பது உம்மாவின் சட்டம். முசல்லா விரிப்பது ஹோலின் மறுபக்கம். இப்போது உம்மாவே, "டயர் கழுவினீங்களா?" என்று பிள்ளைகளிடம் கேட்டுத்தான் கதவைத் திறக்கின்றார்.

துடைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. கொழும்புக் காற்றில் கடல் உப்பு இருக்கின்றது. படிக்கட்டில் நின்ற காலத்தில் வருடத்துக்கு ஒரு செயின் துருப்பிடித்துப் போனது. உள்ளே வந்ததிலிருந்து கிழமைக்கு ஒரு துளி மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். தூசு ஒட்டிக் கறுப்புப் பசையாகிவிடும், பிறகு சுவரிலும் சட்டையிலும் அதுதான்.

மூன்றாவது, சுவர். இதில்தான் நாங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டோம். ஹார்ட்வெயார் கடையில் கொளுக்கி ஒன்று வாங்கி, ட்ரில் இரவல் வாங்கி, சுவரில் ஓட்டை போட்டு, ரோல் பிளக் அடித்து மாட்டினோம். மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்குச் சைக்கிளும் கொளுக்கியும் ஒரு பிடி சுவரும் சேர்ந்து பிரிட்ஜின் மேல் விழுந்தன. கீழ் வீட்டுக்காரர் லைட்டைப் போட்டுவிட்டு மேலே ஓடி வந்தார். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைகள் அந்தப் பக்கம் படுக்கவில்லை. அடுத்த நாள் மேசன் பாஸ் ஒருவரைக் கூட்டி வந்தோம். அவர் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக் காட்டினார். பொள் சத்தம். எங்களைப் போன்ற தொடர்மாடிகளில் அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் பல, உள்ளே துளையுள்ள சீமெந்து புளொக் கல்லால் கட்டியவை. அதில் சாதாரண பிளக் பிடிக்காது. தட்டினால் கல் மாதிரிக் கேட்கும் கொங்கிரீட் தூணிலோ பீமிலோதான் கொளுக்கி அடிக்க வேண்டும். அதுவும் கரண்ட் வயரும் தண்ணீர்க் குழாயும் போகாத இடமாகப் பார்க்க வேண்டும். சுவிட்சுக்கு நேர் மேலேயும் கீழேயும் ட்ரில் வைக்கவே கூடாது.

வாடகை வீடு, ஓட்டை போட ஏலாது என்பவர்களுக்கும் வழி உண்டு. பின்சில்லில் நட்டுக்கு நிறுத்தி, ஹேண்டிலையோ பிரேமையோ யன்னல் கம்பியோடு பெல்ட்டால் இறுக்கிக் கட்டிவிடலாம். பின் மட்கார்ட் உள்ள சைக்கிள் என்றால் பாரம் முழுக்க மட்கார்ட்டில் இறங்கி அது வளைந்துவிடும். அப்படியானதைக் கொளுக்கியில், சில்லு நிலத்தில் படாமல்தான் தொங்கவிட வேண்டும். முன்னால் கூடை உள்ளதைத் தலைகீழாக, பின்சில்லில் தொங்கவிடலாம்.

கிழமைக்கு ஒரு முறை மட்டும் எடுக்கும் சைக்கிள் என்றால் இன்னும் ஒடுக்கலாம். ஹேண்டில் தண்டின் மேலுள்ள போல்ட்டை இரண்டு சுற்றுத் தளர்த்தி, மெதுவாகத் தட்டி, ஹேண்டிலைப் பிரேமோடு சமாந்தரமாகத் திருப்பிவிடலாம். திரும்ப ஓடுமுன் நேராக்கி நன்றாக இறுக்க வேண்டும். பெடலை 15 மில்லிமீற்றர் ஸ்பேனரால் கழற்றலாம். ஒன்று ஞாபகம் இருக்கட்டும், இடப்பக்கப் பெடலின் மரை எதிர்ப்பக்கம். அதை மணிக்கூட்டு முள் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழரும். தெரியாமல் மற்றப் பக்கம் பலம் போட்டு மரையை உடைத்தவர்கள் எங்கள் மாடியிலேயே இருக்கின்றார்கள்.

நான்காவது, மேலே கொண்டுவருவது. லிஃப்ட் வேலை செய்யும்போது பின்சில்லில் நிமிர்த்தி, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றால் ஒரு ஆள் நிற்கும் இடம்தான் போகும். கர்ப்பிணித் தாயோ, வயது போனவரோ, கைக்குழந்தையோடு ஒருவரோ நின்றால் அவர்களை முதலில் அனுப்புவோம். நாம் அடுத்த முறை போவோம். அவசரமென்றால் சைக்கிள்காரருக்குக் கால் இருக்கின்றது. ஈரச் சைக்கிளோடு லிஃப்டில் ஏறினால் நிலத்தைத் துடைத்துவிட்டுப் போவோம். "சைக்கிள்காரங்க லிஃப்டை ஊத்தையாக்குறாங்க" என்ற பேச்சு கமிட்டியில் எழும்பியதற்கு நம்மவர்களின் கவலையீனமும் ஒரு காரணம். அதை ஒத்துக்கொண்டுதான் மற்றதைக் கேட்க வேண்டும்.

பற்றரியில் ஓடும் சைக்கிள்களும் இப்போது ஒன்றிரண்டு வந்திருக்கின்றன. அவற்றை இரவு முழுக்க சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். வாசல் கதவுக்குப் பக்கத்திலும் சார்ஜ் போடாதீர்கள். லிதியம் பற்றரி பற்றினால் சாதாரண நெருப்பு மாதிரி அணைக்க ஏலாது. வெளியே ஓடும் ஒரே வழியில் அது எரிந்தால் வீட்டில் உள்ளவர்களுக்குப் போக இடமில்லை. நியூயோர்க்கிலும் லண்டனிலும் மாடிவீடுகளில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. கம்பெனி கொடுத்த சார்ஜரைத் தவிர வேறு சார்ஜர் பாவிக்கவும் வேண்டாம்.

இவ்வளவும் எங்களுக்கு ஏலுமாக இருந்தது. எல்லோருக்கும் ஏலாது என்பதும் தெரியும். ஏழாம் மாடியில் ஒரு வீட்டில் ஒன்பது பேர், இரண்டு சைக்கிள். ஒரு சைக்கிளை உள்ளே எடுத்தால் ஒரு பிள்ளைக்குப் படுக்க இடமில்லை. அவர்களிடம் போய் "ஷோகேஸை நகர்த்துங்கள்" என்று சொல்ல வாய் வராது. அவர்கள் வீட்டில் ஷோகேஸே இல்லை. இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் கமிட்டியிடம் ஒரு கோரிக்கை வைக்கின்றோம்.

கீழ்த்தளத்தில் தண்ணீர் மோட்டர் அறைக்குப் பக்கத்தில் ஓர் அறை பூட்டிக் கிடக்கின்றது. உடைந்த கதிரைகளும் பழைய பெயின்ட் வாளிகளும் தவிர அதற்குள் ஒன்றுமில்லை. அதைத் துப்புரவாக்கி, சுவரோடு இரும்புக் கம்பி ஒன்றைக் கொங்கிரீட்டில் பதித்து, நட்டுக்கு நட்டு நிறுத்தினால் இருபது சைக்கிள் வரை வைக்கலாம் என்று அளந்து பார்த்தோம். இரண்டு பூட்டு. ஒரு சாவி வாட்சரிடம், ஒரு சாவி கமிட்டியிடம். காலை ஐந்து மணியிலிருந்து இரவு பத்து மணி வரை வாட்சர் திறந்துவிடுவார். ஒவ்வொரு சைக்கிளுக்கும் வீட்டு இலக்கம் போட்ட தகடு ஒன்று. எங்கள் வாப்பா காலத்தில் சைக்கிளுக்கும் லைசன்ஸ் எடுத்துத் தகடு மாட்டினார்கள், புதிய யோசனை ஒன்றுமில்லை. பாவிப்பவர்கள் மாதம் ஒரு சின்னத் தொகை கொடுப்போம். வீட்டுக்குள் வைக்கும் நாங்களும் முதல் ஆறு மாதத்துக்கு எங்கள் பங்கைத் தருகின்றோம். துப்புரவு வேலைக்கு எங்கள் மாடிப் பொடியன்கள் எட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கின்றார்கள். வெல்டிங் வேலை தெரிந்தவர் நான்காம் மாடியில் இருக்கின்றார். கூலி வேண்டாம், கம்பியை மட்டும் வாங்கித் தாருங்கள் என்கின்றார்.

கமிட்டியில் உள்ளவர்கள் எங்கள் எதிரிகள் இல்லை. அன்று சந்தூக்கைத் தூக்கியவர்களில் இரண்டு பேர் கமிட்டிக்காரர்கள். அவர்களின் கோபம் எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். அறிவித்தல் வந்த அன்று அவர்களில் ஒருவர் படியில் கண்டு, "சேர், ஒங்கட சைக்கிளும் அங்கதானே இருந்திச்சி?" என்று கேட்டார். "ஓம்" என்றோம். அதற்கு மேல் சொல்ல அப்போது எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் கேள்விக்கு முதல் பதில் எங்கள் சைக்கிளை உள்ளே எடுத்தது. இரண்டாவது பதில் இந்தப் பதிவு.

சைக்கிள் வைத்திருக்கும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை வரும்போது "எங்கட சைக்கிளைத் தொட ஏலாது" என்று சண்டைக்கு வராதீர்கள். சனிக்கிழமை மஃரிபுக்கு முன்னால் படிக்கட்டில் உள்ள எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். உள்ளே எடுக்க முடிந்தவர்கள் எடுங்கள். முடியாதவர்கள் கூட்டம் முடியும் வரை எங்கள் வீட்டு வாசலுக்கு உள்ளே கொண்டுவந்து வையுங்கள். இரண்டுக்கு இடம் இருக்கின்றது, நெருக்கினால் மூன்று. வெறும் படிக்கட்டால் ஏறி வந்து கூட்டத்தில் உட்காருவோம். அப்போது நாம் கேட்பதற்கு ஒரு நியாயம் இருக்கும்.

ஐந்தாம் மாடி உம்மாவின் நாற்பதாம் நாள் கத்தம் அடுத்த கிழமை. அவரிடம் ஓதிய பிள்ளைகள் எல்லோரும் அந்தப் படியால்தான் ஏறிப் போவார்கள். அதற்குள் அந்தத் திருப்பம் காலியாக இருக்க வேண்டும்.

அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்கி வைப்பானாக. எங்கள் பிழையைப் பொறுத்தருள்வானாக.

ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் கீழ்த்தளத்தில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். டேப் எடுத்து வருகின்றோம், அந்த அறையை எல்லோருமாக அளப்போம்.

வஸ்ஸலாம்.